மலைப்பாதையில் சக்கரத் தடம்: பள்ளத்தை மண் போட்டு மூடினால் போதுமா?

நடைப்பிரியன்:
பன்னிரண்டு ஆண்டுகளாக மாதம் ஒருமுறையாவது ஒரே மலைப்பாதையில் ஏறுகிறேன். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். எந்த வேரில் காலை ஊன்றலாம், எந்தக் கல் ஆடும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இரண்டு மழைக்காலங்களுக்கு முன்பு ஜீப்புகளும் மோட்டார் சைக்கிள்களும் மேலே வரத் தொடங்கின. இப்போது அங்கே போனால் வயிறு எரிகிறது.

போன வாரம் சக்கரப் பள்ளம் ஒன்றில் இறங்கி நின்றேன். விளிம்பு என் முழங்காலுக்கு மேல் இருந்தது. பக்கவாட்டில் மரவேர்கள் பட்டை உரிந்து வெள்ளையாகத் தொங்கின. ஒரு வேரில் டயர் பற்கள் வரிசையாகக் கடித்த அடையாளம் இருந்தது. அடியில் மண்ணே இல்லை, வெறும் பாறை. சேற்றுக்கு ஒதுங்கி நடந்தே மக்கள் பக்கத்தில் இன்னும் மூன்று தடங்கள் போட்டுவிட்டார்கள்.

நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து கூடையில் மண் சுமந்து பள்ளத்தை நிரப்பலாம் என்றிருக்கிறோம். இது சரியா? வண்டிகளைத் தடுக்க என்ன வழி?

கடப்பாறை:
தம்பி, மண்ணைச் சுமக்காதீர்கள். நானும் அந்தத் தவற்றைச் செய்தவன். மூன்று நாள் உழைப்பு ஒரே இரவு மழையில் அடிவாரத்துக்குப் போய்விட்டது.

உங்கள் எதிரி பள்ளம் அல்ல, தண்ணீர். காலடித் தடங்கள் தனித்தனிக் குழிகள். தண்ணீர் அதில் தேங்கும், ஊறும். சக்கரத் தடம் அறுபடாத ஒரு கோடு. சக்கரம் சுழன்று மேல்மண்ணையும் புல்வேரையும் கிழிக்கிறது, வண்டியின் எடை அடிமண்ணை இறுக்குகிறது. இறுகிய மண் தண்ணீரைக் குடிக்காது. சரிவில் அந்தக் கோடு வாய்க்காலாகிவிடும். அதன்பிறகு வண்டியே வராவிட்டாலும் ஒவ்வொரு மழையும் பள்ளத்தை ஆழமாக்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, நல்ல மழையில் குடையோடு மேலே போய், தண்ணீர் பாதைக்குள் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். வேலையை அங்கிருந்து, மேலிருந்து கீழாகத் தொடங்குங்கள். பாதையின் குறுக்கே சாய்வாகக் கல்வரிசை பதித்து, தண்ணீரைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிவிட வேண்டும். கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கட்டும்; மேலாக வைத்த கல் நிற்காது. சரிவு கூடக் கூட வரிசைகளை நெருக்கமாகப் போடுங்கள். மண் நிரப்புவதெல்லாம் கடைசியில்தான்.

மலைஜீப்:
நான் வண்டி ஓட்டுகிறவன். எங்களில் பலர் பாதை ஈரமாக இருந்தால் திரும்பிவிடுவோம், நடைபாதைக்குள் நுழையவே மாட்டோம். ஆனால் சேற்றில் சறுக்குவதற்காகவே மழை நாளில் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதை மறைக்க விரும்பவில்லை. வாயிலில் இரண்டு பாறைகளை உருட்டி வைத்தால் ஜீப் நிற்கும், மோட்டார் சைக்கிள் நிற்காது. நடப்பவர்களாலும் பாதை தேய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கடப்பாறை:
தேய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நடப்பவர்கள் பல ஆண்டுகளில் தேய்ப்பதைச் செங்குத்தான ஈரச் சரிவில் வழுக்கிச் சுழலும் சக்கரம் ஒரே பிற்பகலில் கிழித்துவிடும். உயரமான இடங்களில் புல் வளரும் காலமே குறைவு. அங்கே உரிந்த இடம் மூட எத்தனையோ ஆண்டுகள் ஆகும்.

குறிஞ்சி:
தடுப்பது பற்றி. "எங்கள் அமைதி கெடுகிறது" என்று மனு எழுதாதீர்கள். மண், நீர், செடிகொடிக்கு நேர்ந்த சேதத்தை எழுதுங்கள். அமெரிக்காவில் 1972-ல் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணை, கூட்டரசு நிலங்களில் இந்த வண்டிகள் எங்கே போகலாம், எங்கே கூடாது என்று வகுக்கச் சொன்னது. 1977-ல் கார்ட்டர் அதைத் திருத்தி, மண்ணுக்கோ தாவரத்துக்கோ கணிசமான கேடு தெரிந்தால் அந்தப் பாதையை உடனே மூட வேண்டும் என்றார். நார்வேயில் அதே 1977-ல் வந்த சட்டப்படி திறந்தவெளியில் மோட்டார் வண்டி ஓட்டுவதற்கே பொதுத் தடை. விதிவிலக்குக்குத்தான் அனுமதி வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ம் ஆண்டுச் சட்டம், பதிவாகாத பழம்பாதைகள் பலவற்றில் மோட்டார் வண்டி உரிமையை நீக்கியது. உங்கள் நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே குச்சியைப் பள்ளத்தில் நட்டு, மாதந்தோறும் படம் எடுங்கள். வளர்ந்துகொண்டே போகும் பள்ளத்தை எந்த அதிகாரியாலும் மறுக்க முடியாது.

நடைப்பிரியன்:
நேற்று மழையில் போனேன், அண்ணா. மூன்றாவது வளைவில் ஓரக்கல் ஒன்றைச் சக்கரம் பெயர்த்துத் தள்ளியிருக்கிறது. அந்த ஓட்டை என் இரண்டு கை அகலம்தான். மேலேயிருந்து வரும் ஓடைநீர் முழுவதும் அதன் வழியாகத்தான் பாதைக்குள் திரும்புகிறது. காலால் கொஞ்சம் மண்ணையும் தழையையும் அணைத்துப் பார்த்தேன். கீழே பள்ளத்தில் இரைச்சல் சட்டென்று குறைந்தது, பிறகு மண் கரைந்து மறுபடி பெருகியது. பெயர்ந்த கல் இருபதடி கீழே புதரில் கிடக்கிறது. சனிக்கிழமை அதைத்தான் முதலில் மேலே ஏற்றப் போகிறோம். குச்சியும் நட்டாயிற்று, அக்கா. முதல் படம் எடுத்துவிட்டேன்.