கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ, போஸ்ட்கிரெஸ்: தரவுத்தளச் செயலிகளை வேறு கணினிக்குக் கொண்டுபோன அனுபவங்கள்

நூல்மில் நிரலாளர்:

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் சம்பளக் கணக்கும் பஞ்சுக் கிடங்குக் கணக்கும் கிளிப்பர் சம்மர் 87 என்ற தரவுத்தள நிரல் மொழியில் எழுதப்பட்டிருந்தன. பழைய டாஸ் கணினிகள் ஒவ்வொன்றாக உயிரை விடத் தொடங்கியதும் எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. கிளிப்பர் மொழியை அப்படியே ஏற்கும் ஹார்பர் என்ற கட்டற்ற கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றும் கருவி) இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். "மறுபடி கம்பைல் செய்தால் முடிந்ததுதானே?" என்றார் மேலாளர். கம்பைல் என்னவோ தடையில்லாமல் ஆகிவிட்டது.

ஓடவிட்டால், எடுத்த எடுப்பிலேயே கோப்பைக் காணவில்லை என்றது. கோப்பின் பெயர் நிரலில் ஓரிடத்தில் பெரிய ஆங்கில எழுத்தில், இன்னோரிடத்தில் சிறிய எழுத்தில். டாஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்புகள். கோப்புப் பெயர்களையெல்லாம் சிறிய எழுத்தாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லும் அமைப்பு ஹார்பரில் உண்டு. கோப்பின் பாதையில் வரும் சாய்கோடு டாஸில் ஒரு பக்கமும் லினக்ஸில் மறு பக்கமும் சாயும்; அதற்கும் அதுபோல ஒன்று இருக்கிறது. இரண்டையும் நிரலின் தலையில் சேர்த்ததும் வழிக்கு வந்தது.

தரவு மட்டும் ஒரு பைசா பிசகாமல் வந்து சேர்ந்தது. கிளிப்பர் தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்பு வடிவத்தை உருவாக்கியவர்களுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். சம்பளம் 4250.00 என்றால் அந்த இலக்கங்களும் புள்ளியும் கோப்பில் எழுத்தாகவே இருக்கும். தேதியும் ஆண்டு, மாதம், நாள் என்று எட்டு இலக்கங்கள். பதிவுகளின் எண்ணிக்கை போன்ற சிலதான் தலைப்பகுதியில் இரும எண்களாக இருக்கும். அதனால் எந்தச் செயலியும் அதைப் படித்துவிடும். பதிவுகளை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் கோப்புகள் அப்படியல்ல. இதே டிபிஎஃப்பைக் கையாளும் டிபேஸுக்கு ஒரு வடிவம், கிளிப்பருக்கு ஒன்று, ஃபாக்ஸ்புரோவுக்கு வேறொன்று. அவற்றைச் சுமந்துகொண்டு அலையாமல் அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே மேல்.

அச்சு வேலைதான் ஆளைப் படுத்தியது. சம்பளப் பட்டியல் 132 பத்தி அகலம். டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிக்கு 15 என்ற கட்டுப்பாட்டு எழுத்தை அனுப்பினால் எழுத்துகள் சுருங்கி ஒரே வரியில் அடங்கும். டாஸில் நிரல் நேராக அச்சுப்பொறியோடு பேசியது. லினக்ஸில் நடுவே அச்சு வரிசை உட்கார்ந்துகொண்டு, வந்ததைத் தானாகப் பக்கம் அமைத்து அனுப்பியது. பிடித்தங்களெல்லாம் அடுத்த வரிக்கு வழிந்து, யாருடைய கடன் யார் தலையில் என்றே தெரியவில்லை. எதையும் தொடாமல் அப்படியே அனுப்பு என்று அந்த வரிசையை மாற்றி அமைத்த பிறகுதான் பட்டியல் பட்டியலாக வந்தது.

டெர்மினல் தாத்தா:

தம்பிக்கு அச்சுப்பொறி வில்லன், எனக்கு விசைப்பலகை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் ஜீனிக்ஸ் என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஓடும் 386 கணினி ஒன்று. அதிலிருந்து சீரியல் கம்பியில் ஏழெட்டு டெர்மினல்கள், அதாவது திரையும் விசைப்பலகையும் மட்டும். டாஸில் நன்றாக ஓடிய ஃபாக்ஸ்பேஸ் (ஃபாக்ஸ்புரோவின் முன்னோடி) நிரலை அங்கே ஏற்றினோம். எழுத்தர் கீழ் அம்புக்குறியை அழுத்துவார். நிரப்பிய படிவம் சில நேரம் காணாமல் போய்விடும். அவர் கணினியைத் திட்ட, நான் கம்பியைத் திட்ட, இப்படியே போனது.

அம்புக்குறியை அழுத்தினால் டெர்மினல் ஒரே குறியை அனுப்புவதில்லை. முதலில் எஸ்கேப், அடுத்து சதுர அடைப்புக்குறி, பிறகு ஓர் ஆங்கில எழுத்து என்று மூன்று போகும். கம்பி மெதுவாக இருந்தால் எஸ்கேப் முன்னால் போய்விடும், மற்ற இரண்டும் பின்தங்கும். நிரலோ, ஆள் எஸ்கேப் அழுத்திவிட்டார் என்று படிவத்தை ரத்து செய்துவிடும். வேகத்தைக் கூட்டி, டெர்மினல் வரையறையைத் திருத்தித்தான் அது அடங்கியது. திரையில் போட்டிருந்த இரட்டைக் கோட்டுப் பெட்டிகளும் அங்கே பெட்டியாக வரவில்லை. தலையில் குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வந்து நின்றன. கோடுகளையே எடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

ஃபாக்ஸ்புரோ 2.6 டாஸ், விண்டோஸ், மேக், யூனிக்ஸ் நான்குக்கும் வந்தது. திரை வடிவமைப்புக் கோப்பே ஓர் அட்டவணைதான். ஒவ்வொரு பெட்டிக்கும், ஒவ்வொரு தலைப்புக்கும் டாஸுக்கு ஒரு பதிவு, விண்டோஸுக்கு ஒரு பதிவு. ஒன்றிலிருந்து மற்றொன்றை உண்டாக்க டிரான்ஸ்போர்ட்டர் என்றே ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். அழகான ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் 80 பத்தி, 25 வரி என்று கட்டம் கட்டி வரைந்த திரை, விண்டோஸின் அகலம் மாறும் எழுத்துருவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். கையால் நகர்த்தி நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸ் நிறுவனத்தை வாங்கியது 1992-இல். விஷுவல் ஃபாக்ஸ்புரோ 3 மேக்கிலும் கிடைத்தது. பிறகு விண்டோஸ் மட்டும்தான். கடைசிப் பதிப்பான 9 வந்தது 2004-இல், அதற்கான ஆதரவு முடிந்தது 2015 ஜனவரியில். நான்கு இடத்தில் ஓடிய கருவி ஓரிடத்தில் சுருங்கியதைப் பார்த்த பிறகு, எங்கும் ஓடும் என்ற விளம்பரத்தை நான் நம்புவதில்லை.

குறியேற்றக்காரர்:

தாத்தா, ஐரோப்பிய எழுத்துக்கே இப்படி என்றால் தமிழ்ப் பெயர்கள் இருக்கும் அட்டவணையைக் கேளுங்கள். எங்களிடம் இருந்தவை டேப் என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் (எழுத்துக்கு எண் கொடுக்கும் முறை) இருந்த உறுப்பினர் பட்டியல்கள், விண்டோஸில். அவற்றை லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்துக்கு, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்தில் கொண்டுபோனோம். டேப் குறியேற்றத்தில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படும்: 'கோ' என்றால் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். அதனால் அகரவரிசைப்படுத்தினால் கேசவன், கோபால், சேகர், மோகன் எல்லோரும் கொம்பு பிடித்தபடி ஒரே கூட்டமாக நிற்பார்கள். அலுவலகம் அதற்கே பழகிவிட்டிருந்தது. யூனிகோடுக்கு மாற்றியதும் கோபால் முறைப்படி ககர வரிசைக்குப் போனார்; "பட்டியலில் கோபாலைக் காணோம்" என்று புகார் வந்தது.

புல அகலம், அதாவது பெயருக்கு ஒதுக்கும் இடம், இன்னொரு தொல்லை. 'கோவிந்தசாமி' கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் 11 குறியீட்டுப் புள்ளி (க, ஓகாரக் குறி என்று தனித்தனி எண்), அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 33 பைட். போஸ்ட்கிரெஸ் எழுத்தைக் குறியீட்டுப் புள்ளியாக எண்ணும். ஆரக்கிள் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் நாமாக மாற்றிச் சொல்லாவிட்டால் பைட் கணக்கு. ஒரே அட்டவணை வரையறை ஓரிடத்தில் பெயரை ஏற்கும், இன்னோரிடத்தில் தள்ளிவிடும்.

வரிசைக்கு வருகிறேன். யூனிகோடு எண்படி அடுக்கினால் 'ன' நகரத்தை ஒட்டி நடுவில் வந்துவிடும், 'ழ' வகரத்துக்கு முன்னால் போய்விடும். ஆகவே வரிசை விதியை லினக்ஸின் அடிப்படை நிரல் தொகுப்பான சி நூலகத்திடம் (glibc) கேட்கிறோம். அந்த நூலகத்தின் 2.28 பதிப்பில், 2018-இல், அந்த விதிகளே பெருமளவு மாறின. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 9-லிருந்து 10-க்குப் போன சர்வரில் தரவுக் கோப்புறையை அப்படியே வைத்துக்கொண்டால், பழைய விதியில் கட்டிய இண்டெக்ஸில் புது விதிப்படி தேடும். பதிவு இருக்கும், தேடினால் கிடைக்காது. ஒரு மதிப்பு ஒருமுறைதான் வரலாம் என்று விதித்த புலத்தில்கூட ஒரே பெயர் இருமுறை நுழைந்துவிடலாம். இந்த மாதம் எங்கள் பழைய சர்வர் ஒன்றை மாற்றப் போகிறோம். கோப்புறையை நகலெடுப்பதா, வேறு வழி உண்டா?

நூல்மில் நிரலாளர்:

நகலெடுக்க வேண்டாம். பழைய சர்வரிலேயே பிஜி டம்ப் (தரவை முழுக்க வெளியே எழுதித் தரும் போஸ்ட்கிரெஸ் கருவி) எடுத்து, புதியதில் மீட்டுவிடுங்கள். இண்டெக்ஸ் எல்லாம் அங்கே புதிதாகக் கட்டப்படும். பட்டியல் பெரிதாக இருந்து அதற்கு நேரமில்லை என்றால், யாரையும் உள்ளே விடும் முன் எழுத்துப் புலங்களின் இண்டெக்ஸ்களை மட்டுமாவது மறுபடி கட்டுங்கள். கோபாலைத் தேடிப் பார்த்துவிட்டுத் திறவுங்கள்.