புதுப்பிப்பு: நண்பகலில் சார்ஜ் குறைந்ததன் காரணம் தெரிந்துவிட்டது

நான்கு சோலார் பேனல்களையும் இணையாக (பேரலலில்) இணைத்திருந்தும் 24 வோல்ட் பேட்டரி வெயில் ஏற ஏற மந்தமாகச் சார்ஜ் ஆகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் குறையில்லை, சூடுதான் காரணம். பேனலின் வேலை வோல்டேஜ், அதாவது மின்சாரம் தரும்போது இருக்கும் வோல்டேஜ், 31. இணையாக இணைத்தால் இது கூடாது. வெயிலில் 60 டிகிரி தொட்டால் அது 27க்கு அருகே இறங்கிவிடுகிறது. பேட்டரி முழுதாக நிறைவதற்கு 28.8 வேண்டும், அப்புறம் எப்படி ஏறும்?

இப்போது இரண்டிரண்டாகத் தொடரில் (சீரிஸில், வோல்டேஜ் ஒன்றோடொன்று கூடும்படி) இணைத்து, அந்த இரு வரிசைகளையும் இணையாக்கிவிட்டேன். ஒரு வரிசையின் திறந்த சுற்று வோல்டேஜ், அதாவது மின்சாரம் எடுக்காதபோது இருக்கும் வோல்டேஜ், 74. குளிரில் இது கூடும் என்பதை மறக்காதீர்கள். 0 டிகிரியில் 80 வரை போகலாம். கன்ட்ரோலரின் வரம்பு 100, அதனால் கவலையில்லை. மூன்றைத் தொடரில் போட்டிருந்தால் 111, கன்ட்ரோலரே போயிருக்கும்.

நேற்று மதியமே பேட்டரி நிறைந்துவிட்டது. வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.