எர்லோடினிப் கொடுத்தும் பாஸ்போ-ஈஆர்கே குறையவில்லை, ஏன்?

பிளாட்மேசை:
ஏ549 நுரையீரல் புற்றுசெல்கள், 10% சீரம். செல் மேற்பரப்பில் வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் ஈஜிஎஃப்ஆர் கைனேஸை (பாஸ்பேட் ஏற்றும் என்சைம்) அடக்க எர்லோடினிப் 1 மைக்ரோமோலார், 2 மணி நேரம். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை லேன் லேனாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் சோதனை) பாஸ்போ-ஈஆர்கே, அதாவது பாஸ்பேட் ஏறி இயங்கும் ஈஆர்கே புரதத்தின் பேண்ட் துளியும் குறையவில்லை. மொத்த ஈஆர்கே எல்லா லேனிலும் சமம். மருந்து கெட்டுவிட்டதா? இல்லை, பாஸ்பேட் கழலாமலிருக்க பஃபரில் போட்ட ஆர்த்தோவனடேட் வேலை செய்யவில்லையா?

கைனேஸ்காரர்:
மருந்தை விடுங்கள், முதலில் செல்லைப் பாருங்கள். ஏ549-இல் ஈஜிஎஃப்ஆர் இயல்பானது; கோளாறு கேராஸ் என்ற ராஸ் புரதத்தில், ஜி12எஸ் (12-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின்). ராஸ் என்பதே ஒரு என்சைம்தான். குவனோசின் டிரைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும்வரை இயங்கும், அதை டைபாஸ்பேட்டாக உடைத்ததும் அடங்கும். தானாக உடைப்பது மிக மெதுவு. ராஸை அடக்க உதவும் காப் புரோட்டீன் தன் ஆர்ஜினினை உள்ளே நீட்டினால்தான் வேகம் பிடிக்கும். 12-ஆம் இடத்துக் கிளைசினின் பக்கச்சங்கிலி வெறும் ஒரு ஹைட்ரஜன். அங்கே செரின் வந்தால் ஆர்ஜினினுக்கு இடம் இடிக்கும். ராஸ் அடங்காது, அதன் கீழுள்ள ராஃப், மெக், ஈஆர்கே கைனேஸ் வரிசை ஓடிக்கொண்டே இருக்கும். மேலே ஈஜிஎஃப்ஆரை மூடிப் பெரிதாகப் பயனில்லை.

உறுதி செய்ய இரண்டு லேன் போதும். ஈஜிஎஃப்ஆர் எக்ஸான் 19 நீக்கம் உள்ள பிசி-9 செல்களில் 100 நானோமோலார் எர்லோடினிப். பாஸ்போ-ஈஆர்கே விழுந்தால் மருந்து நல்ல மருந்து. ஏ549-இல் மெக் தடுப்பான் டிராமெடினிப் 50 நானோமோலார், 1 மணி நேரம், இங்கேயும் விழவேண்டும்.

பஃபர்பித்தன்:
வனடேட்டைப் பற்றி: அது செயலிழந்தால் பாஸ்பேட் கழன்று பேண்ட் மங்கும், அதிகமாகாது. ஆகவே உங்கள் சிக்கலுக்கு அது காரணமல்ல. ஆனாலும் சரியாகத் தயாரியுங்கள்: பிஹெச் 10, மஞ்சளாகும், கொதிக்கவைத்தால் நிறம் போகும், ஆறவிட்டு மறுபடி பிஹெச் 10, நிறம் இனித் திரும்பாது என்ற நிலை வரும்வரை இதையே செய்யவேண்டும். பஃபரில் 1 மில்லிமோலார். ஈடிடிஏ, டிடிடி இரண்டும் அதைக் கெடுக்கும். செரின், திரியோனின் பாஸ்பேட்டுகளுக்கு சோடியம் புளோரைடு தனியாக வேண்டும்.

எர்லோடினிப் இலக்கைத் தொட்டதா என்று ஈஆர்கேயை வைத்து முடிவு கட்டாதீர்கள். சீரம் இல்லாமல் ஓர் இரவு, பிறகு எர்லோடினிப் 1 மணி நேரம், ஈஜிஎஃப்ஆரைத் தூண்டும் ஈஜிஎஃப் 100 நானோகிராம்/மில்லி, 5 நிமிடம், உடனே ஐஸ். ஈஜிஎஃப்ஆர் டைரோசின் 1068-இல் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிளாக் செய்யப் பால் வேண்டாம், அதிலுள்ள கேசீனே பாஸ்போபுரோட்டீன். 5% பிஎஸ்ஏ (மாட்டுச் சீரம் அல்புமின்) போடுங்கள். இன்னொன்று: பேண்ட் கருகருவென்று நிறைந்திருந்தால் பாதியாகக் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்போஷரைக் குறைத்துப் பாருங்கள்.

பிளாட்மேசை:
அப்படியானால் இந்தச் செல்லுக்குக் கேராஸ் தடுப்பான் சோட்டோரேசிப் உதவுமா?

கைனேஸ்காரர்:
உதவாது. அது 12-ஆம் இடத்துச் சிஸ்டீனின் கந்தகத்தோடு பிணைந்துதான் பூட்டும்; செரினில் கந்தகம் கிடையாது. டிராமெடினிப்பையும் 1 மணி நேரத்தோடு நிறுத்தாமல் 24 மணி நேரம் ஒரு தட்டு வையுங்கள். ஈஆர்கே அடங்கினால் அது வரிசையின் மேற்படிகளுக்குப் போட்டிருந்த கடிவாளமும் தளரும். பாஸ்போ-மெக் ஏறலாம், சில வேளை பாஸ்போ-ஈஆர்கேயும் ஓரளவு திரும்பும்.