ஒத்திசைவின்போது காணாமல்போன மடல்கள்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மைமணம்:
எங்கள் அச்சகத்தின் மடல் சர்வரை மாற்றிய மறுநாள் காலை. ஐமேப் கணக்குதான், அதாவது சர்வரில் உள்ள மடல்களைக் கணினி ஒத்திசைத்துக் காட்டும் முறை. மென்பொருளைத் திறந்ததும் 'ஒப்புதல்கள்' கோப்புறையின் ஓரத்தில் இருந்த எண் இறங்கத் தொடங்கியது. நான் எதையும் தொடவில்லை. ஆயிரங்களில் இருந்தது நூறுகளுக்கு வந்துகொண்டிருந்தது. கணினியின் பின்னால் கையை விட்டு இணையக் கம்பியைப் பிடுங்கினேன். எண் நின்றது. எஞ்சியவற்றை உள்ளூர்க் கோப்புறைக்கு நகலெடுத்துக் காப்பாற்றினோம். போனவற்றில் ஒன்று, 'சிவப்பு சரியாக இருக்கிறது, அச்சிடலாம்' என்று காலண்டர் வாடிக்கையாளர் ஒருவர் எழுதிய மடல். அவரேதான் பிறகு நிறம் தவறு என்று பணத்தை நிறுத்தினார். உலாவியில் நுழைந்தும் தேடிவிட்டோம். பழைய மடல்கள் புது சர்வருக்கு வந்துசேரவே இல்லை. இத்தனையையும் அழிப்பதற்கு முன் மென்பொருள் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

வடம்பிடி:
கேட்காது, மைமணம். ஐமேப்பில் மூலப் பிரதி சர்வரில் இருப்பது. உங்கள் கணினியில் இருப்பது அதன் நிழல். ஒவ்வொரு கோப்புறைக்கும் 'யுஐடி வேலிடிட்டி' என்று ஓர் எண் உண்டு. அது மாறினால், சேமித்து வைத்த மடல் எண்கள் இனிச் செல்லாது, எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டும் என்று பொருள். சர்வரும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் விதிகளான ஐமேப் நெறிமுறையின் 2003ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இது இருக்கிறது. மென்பொருளைக் குறை சொல்வது நியாயமில்லை. மடல்களைப் பாதியில் விட்டுவந்தவர்களைக் கேளுங்கள். எங்கள் அலுவலகத்திலும் இதே மாற்றத்தின்போது எண் பூஜ்யமாகி, பிற்பகல் முழுக்கச் சிறிது சிறிதாக நிறைந்தது. பூஜ்யத்தைப் பார்த்ததும் மேலாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

தாழ்வாரம்:
எனக்கு நடந்தது வேறு. மகளின் கல்லூரிச் சேர்க்கைக் கடிதம். பஸ்ஸில் வரும்போது கைபேசியில் தலைப்பைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர், கூடவே 'அனுமதி' என்ற சொல். தொட்டேன். வட்டம் சுற்றியது, நின்றது, 'செய்தி இல்லை' என்றது. பட்டியலிலும் இல்லை, குப்பையிலும் இல்லை. வீட்டில் பழைய கணினி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் அதே கணக்கு பாப்3 முறையில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மடல்களை இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடும் அமைப்பு. கடிதம் அதில் பத்திரமாக இருந்தது. ஆனால் வீடு சேரும்வரை, தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்த மகளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

நள்ளிரவுக்காவல்:
வடம்பிடி சொன்னதில் பாதியைத்தான் ஏற்பேன். சர்வரே மூலம் என்பது அங்கே போய்ச் சேர்ந்த மடலுக்கு மட்டும். 2021 செப்டம்பர் 30 அன்று உலகெங்கும் பல தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ், அதாவது சர்வர் உண்மையானதா என்று கணினி சரிபார்க்க உதவும் மின் ஆவணம், காலாவதியானது. எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரின் பழைய கணினியில் மடல் நின்றுபோனது. கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கும்படி யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் சொடுக்கப் போன நேரத்தில் நான் கையைப் பிடித்தேன். அவுட்பாக்ஸில் அனுப்பப்படாத நோயாளி அறிக்கைகள் இருந்தன. அவை வேறெங்கும் இல்லை.

ஆகவே கணக்கை நீக்காதீர்கள். முதலில் உலாவி வழியாக நுழைந்து பாருங்கள். மடல் அங்கே இருந்தால் கோளாறு உங்கள் கணினியில். அங்கே இல்லாமல் கணினியில் மட்டும் இருந்தால், இணையத்தைத் துண்டித்துவிட்டு நகலெடுங்கள். கணினியின் தேதியைப் பாருங்கள். அது தவறினால் நல்ல சான்றிதழும் செல்லாது. மடல் போய்ச் சேர்ந்தும் 'அனுப்பியவை'யில் சேமிக்க முடியவில்லை என்று வந்தால், பெட்டி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். சரியான கடவுச்சொல்லையே திரும்பத் திரும்பக் கேட்டால், பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்து நுழையும் பழைய முறை மூடப்பட்டிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் தன் எக்சேஞ்ச் ஆன்லைன் என்ற அலுவலக மடல் சேவையில் 2022 அக்டோபரில் அப்படி மூடத் தொடங்கியது. ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். ஒரே மென்பொருள் பல இணைப்புகளைத் திறப்பதால், வீட்டில் மூன்று நான்கு கருவிகள் இருந்தாலே வரம்பு எட்டிவிடும்.

மைமணம்:
உலாவியில் பார்த்துவிட்டோம் என்று மேலே எழுதியிருக்கிறேன், ஐயா.

திருப்பணி:
கோயில் குழுவுக்குப் பொதுவான ஒரு மடல் கணக்கு. அதில் 'கோயில் கணக்கு' என்று ஒரு கோப்புறை. எங்கள் பொருளாளரின் கைபேசியில் அது கோத்த ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்திருக்கிறது. கிருமி என்று நினைத்து அழிக்கப் போனவர், விரலைத் திரைமேல் வைத்தபடியே 'இதை எடுத்துவிடலாமா' என்று என்னிடம் காட்டினார். நன்கொடை ரசீதுகள் முழுவதும் அதற்குள். பழைய ஐமேப் நெறிமுறை பிறமொழிப் பெயர்களை ஆங்கில எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்பும்; அதைத் திரும்பத் தமிழாக்குவது செயலியின் வேலை. அவருடைய செயலி செய்யவில்லை. 2021இல் திருத்திய நெறிமுறை பெயரை அப்படியே அனுப்ப இடம் தருகிறது. ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் தொல்லையில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெயரை மாற்றவில்லை, பொருளாளரின் செயலியை மாற்றிவிட்டோம்.