மறு: ‘டனலிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நிறுவனத்தை ஆள்பவர்கள் அதன் சொத்தையும் லாபத்தையும் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வதை ஆங்கிலத்தில் டனலிங் (tunneling, அதாவது சுரங்கப்பாதை வெட்டுதல்) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: சுரங்கமிடல், கன்னமிடல், நிதிக்களவு, மடைமாற்றம். நான் ஐந்தாவதாக ஒன்றை வைக்கிறேன்: உள்மடை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுவன நிதியியல் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் சொல் இது. இதைக் கோணலாக அமைத்துவிட்டால், இதை ஒட்டி வரும் மற்ற சொற்களும் கோணலாகிவிடும்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். சொல் செக் நாட்டிலிருந்து வந்தது. 1990-களில் அங்கே அரசு நிறுவனங்கள் தனியார் கைக்கு மாறின. சிறு முதலீட்டாளர்களின் கையில் பங்குகள் இருந்தன. ஆனால் நிறுவனத்துக்குள் இருந்த சொத்து, நிலத்தடிப் பாதை வழியாகப் போனதுபோல, வேறு யாருடைய கைக்கோ போய்ச் சேர்ந்திருந்தது. 2000-இல் சைமன் ஜான்சன், ரஃபேல் லா போர்ட்டா, ஃப்ளோரென்சியோ லோபெஸ் டி சிலானெஸ், ஆந்த்ரே ஷ்லைஃபர் ஆகிய நால்வரும் அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நிறுவனத்தை ஆள்பவர்களின் நலனுக்காக அதன் சொத்தும் லாபமும் வெளியே போவது என்பதுதான் அவர்கள் தந்த பொருள். ஆய்வுலகில் இந்தச் சொல் நிலைபெற்றது அதற்குப் பிறகுதான்.

அந்தக் கட்டுரையில் வரும் ஒரு பிரெஞ்சு வழக்கை எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டும். பெரோனே என்ற குடும்பத்தின் கட்டுப்பாட்டில் ஒரு நிறுவனம். அதில் வெளியாள் பங்குதாரரும் உண்டு. குடும்பத்தார் தங்களுக்கு மட்டுமே சொந்தமான இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அது நிலம் வாங்கி, கடன் எடுத்து, ஒரு கிடங்கு கட்டியது. கிடங்கை முதல் நிறுவனத்துக்கே வாடகைக்கு விட்டது. வாடகைப் பணத்தில் கடன் அடைந்தது. கடைசியில் கிடங்கு குடும்பத்துக்கு, வாடகைச் செலவு எல்லாப் பங்குதாரருக்கும். சிறுபான்மைப் பங்குதாரர் வழக்குப் போட்டார். முதல் நிறுவனத்துக்கும் இதனால் தொழில் விரிவடைந்தது, ஆகவே அதன் நலனுக்கு எதிரானது என்று சொல்ல முடியாது என நீதிமன்றம் கூறிவிட்டது.

நம் சொல்லுக்கான அளவுகோல் இந்த வழக்கிலேயே இருக்கிறது. இங்கே யாரும் கணக்கைத் திருத்தவில்லை. ஒப்பந்தம் இருந்தது, வாடகை இருந்தது, தீர்ப்பும் குடும்பத்துக்குச் சாதகமாக வந்தது. அப்படியும் ஆய்வாளர்கள் இதை டனலிங் என்றுதான் வகைப்படுத்துகிறார்கள். எனவே நாம் அமைக்கும் சொல்லில் குற்றத் தீர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

> நிதிக்களவு என்றே சொல்லலாமே. எளிமை, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு ஒன்றாகப் புரியும். களவு என்றால் சட்டப்படி குற்றம். டனலிங்கில் குற்றமும் உண்டு, சட்டத்துக்கு உட்பட்டதும் உண்டு. ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அதில் நிதிக்களவு நடந்ததா என்று ஓர் ஆய்வுக் கட்டுரை சோதிப்பதாகத் தமிழில் எழுதினால், வாசகர் அதைக் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொள்வார். நிறுவனத்தின் வழக்கறிஞரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். ஆய்வாளருக்கோ அது இன்னும் நிரூபிக்கப்படாத கருதுகோள்.

அது கருதுகோள் என்பதற்கு இந்தியாவைப் பற்றிய ஆய்வே நல்ல உதாரணம். 2002-இல் மரியான் பெர்ட்ரான்ட், பரஸ் மேத்தா, செந்தில் முல்லைநாதன் மூவரும் இந்தியத் தொழில் குழுமங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரு துறைக்கே பொதுவாக வரும் லாப ஏற்றம், குழுமத்தின் அடித்தட்டில் இருக்கும், குடும்பத்துக்குக் குறைந்த பங்கே உள்ள நிறுவனத்தில் தங்குகிறதா, குடும்பத்துக்கு அதிகப் பங்குள்ள மேல்தட்டு நிறுவனத்துக்கு ஏறிவிடுகிறதா என்பது கேள்வி. ஏறுகிறது, அதுவும் பெரும்பாலும் தொழில்சாரா வருமானக் கணக்குகள் வழியாக ஏறுகிறது என்றார்கள். 2012-இல் ஜோர்டான் சீகலும் பிரித்விராஜ் சௌத்ரியும் அதே முறையை மறுபடி எடுத்துப் பார்த்து, நிறுவனங்களின் தொழில் உத்தியில் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்தால் அந்த முடிவு நிற்காது என்று வாதிட்டார்கள். இந்த இரண்டு கட்டுரைகளையும் ஒரே சொல்லை வைத்துத் தமிழில் எழுத முடிய வேண்டும். ‘நிதிக்களவு உண்டா இல்லையா’ என்று எழுதினால் இரண்டாவது கட்டுரை யாரையோ விடுதலை செய்யும் தீர்ப்பு மாதிரி ஆகிவிடும்.

கன்னமிடல் அழகான சொல். சுவரைத் துளைப்பது, இருட்டில் நடப்பது, பொருள் வெளியே போவது எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு அதில் உள்ள ஒரே சிக்கல், கன்னம் வைப்பவன் வெளியிலிருந்து வருகிறான் என்பது. டனலிங்கைச் செய்பவர் வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருப்பவர். ஆளும் உரிமை அவரிடம் இருப்பதால்தான் இது முடிகிறது. அந்த இடத்தில் பிசகினால் கருத்தாக்கமே போய்விடும்.

சுரங்கமிடல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கரி, இரும்புத்தாது நிறுவனங்களைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் குழப்பம் வரும். நிலத்தடி வழியைக் குறிக்கும் பழைய சொல்லான ‘சுருங்கை’யை மீட்கலாம் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். சொல் எனக்கும் பிடிக்கும். ஆனால் வினையாக்கவோ கூட்டுச்சொல் ஆக்கவோ அது இடம் கொடுக்கவில்லை.

இனி மடைமாற்றம். செய்தித்தாள்களில் நிதி மடைமாற்றம் என்பது ஏற்கனவே புழங்குகிறது. ஒரு வேலைக்கென்று வாங்கிய கடனையோ ஒதுக்கிய பணத்தையோ வேறு வேலைக்குத் திருப்புவதற்கு அந்தச் சொல் போதும், அதை அங்கேயே விட்டுவிடுவோம். டனலிங்கில் கேள்வி, பணம் எந்த வேலைக்குப் போனது என்பதைவிட, யாருக்குப் போனது என்பதுதான். அதற்காகத்தான் ‘உள்’ளைச் சேர்க்கிறேன். உள்ளே இருப்பவர், உள்ளேயிருந்தே, தன் வயலுக்கு வெட்டிக்கொள்ளும் மடை உள்மடை. ‘மறைமடை’ என்றும் யோசித்தேன். ஆனால் பெரோனே வழக்கில் நடந்தது ஒப்பந்தம் போட்டு நடந்தது. ஒளிவு இதன் கட்டாய இலக்கணம் இல்லை.

பாசன மொழியில் இதற்கு ஒரு கூடுதல் வசதியும் இருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாருக்கு வலி என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டாம். சிறுபான்மைப் பங்குதாரரின் நிலை அதுதான். ஏன் கடைமடை காய்கிறது என்பதைக் கணக்கிலும் காட்டலாம். ஒருவருக்கு ‘க’ நிறுவனத்தில் 50 சதவீதம். ‘க’வுக்கு ‘ச’வில் 50 சதவீதம். ‘ச’வுக்கு ‘ட’வில் 50 சதவீதம். மூன்றையும் அவரே ஆள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ‘ட’ ஈட்டும் 100 ரூபாயில் அவர் பங்கு 12.50 ரூபாய்தான். அந்த 100 ரூபாயை எப்படியாவது ‘க’வுக்கு ஏற்றிவிட்டால் அவர் பங்கு 50 ரூபாய். 37.50 ரூபாய் லாபம், ஒரு பைசாகூடப் புதிதாகச் சம்பாதிக்காமல். ஏற்றும் வழி ஆலோசனைக் கட்டணமாக இருக்கலாம், வட்டியில்லாக் கடனாக இருக்கலாம், குறைந்த விலைக்கு விற்ற பொருளாக இருக்கலாம். சீனாவில் இது நிறுவனங்களுக்கு இடையேயான கடனாக நடந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பில் ‘இதர வரவேண்டியவை’ என்ற தலைப்பில் கிடந்தது என்று 2010-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆண்டறிக்கை படிப்பவர்கள் அந்த வரியைச் சும்மா தாண்டிப்போகக் கூடாது.

> உள்மடை என்றால் உள்ளே தண்ணீர் வரும் மடை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

நியாயமான ஐயம். தனியாகப் பெயர்ச்சொல்லாக நிற்கும்போது அப்படிக் கேட்க வாய்ப்பு உண்டு. அதனால் முதல் முறை வரும் இடத்தில் ‘உள்மடை வெட்டுதல்’ என்று வினையோடு எழுதலாம். மடையை வெட்டுகிறவர் தண்ணீரைத் தன் பக்கம் கொண்டுபோகிறார் என்பது அதிலேயே வந்துவிடும். அப்புறம் உள்மடை என்று சுருக்கிக்கொள்ளலாம்.

கூட்டுச்சொற்களில் இது எவ்வளவு தூரம் வளைகிறது என்றும் பார்த்தேன். விளாடிமிர் அத்தனாசோவ், பெர்னார்ட் பிளாக், கான்ராட் சிச்சோடெல்லோ மூவரும் இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஆண்டுதோறும் வரும் பணத்தை எடுப்பது பண உள்மடை. ஆலை, நிலம் போன்றவற்றைச் சல்லிசாகத் தன் நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வது சொத்து உள்மடை. சொத்தைத் தொடாமல், தனக்கு மட்டும் மலிவாகப் புதுப் பங்கு ஒதுக்கி மற்றவர் பங்கின் மதிப்பைக் கரைப்பது பங்கு உள்மடை. மூன்றும் இடறாமல் வாயில் வருகின்றன. இந்தப் பிரிவு நமக்கு மிகவும் வேண்டும். ஏனென்றால் ஒரு வழியை அடைக்கும் சட்டம் அடுத்த வழியை அடைக்காது. தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனைக்கு, அதாவது நிறுவனம் தன் இயக்குநர், அவருடைய உறவினர் போன்றவர்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு, இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு இருக்கிறது; அதன்படி பங்குதாரர் ஒப்புதல் தேவைப்படும் இடத்தில், அந்தப் பரிவர்த்தனையில் தொடர்புடையவர் பொதுவாக வாக்களிக்க முடியாது. மலிவு விலைப் பங்கு ஒதுக்கீட்டுக்கு வேறு விதிகளைத் தேட வேண்டும்.

எதிர்த்திசைக்கும் சொல் வேண்டும். நொடித்துப்போகும் குழும நிறுவனத்தைக் காப்பாற்ற ஆள்பவர் தன் பணத்தை உள்ளே போடுவதும் நடக்கிறது. 2003-இல் எரிக் ஃப்ரீட்மன், சைமன் ஜான்சன், டாட் மிட்டன் இரண்டையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். அதற்கு ‘முட்டுக்கொடுத்தல்’ இருக்கும்போது புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். தற்காரியப் பேரம், சுயலாப ஒப்பந்தம் என்று ஆளுக்கு ஒன்றாக எழுதிவரும் இன்னொரு கருத்துக்கு, அதாவது ஒருவரே இரு பக்கமும் உட்கார்ந்து விலை பேசுவதற்கு, ‘தற்பேரம்’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். தற்பேரம் உள்மடைக்கு ஒரு வழி, அவ்வளவே. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

டனலிங் என்ற சொல்லுக்கு நான் அனுப்பவிருக்கும் பதிவில் ‘உள்மடை வெட்டுதல், உள்மடை’ என்று சேர்த்துக்கொள்கிறேன், மறுப்பு இருந்தால் அதை அனுப்புவதற்குள் எழுதுங்கள். மேலே சொன்ன கணக்கில் வரும் 12.50 சதவீத லாபப் பங்குக்கும் முழு ஆளுகைக்கும் உள்ள இடைவெளிக்கு இன்னும் சொல் இல்லை. ‘உரிமைப் பிளவு’ என்று ஒருவர் முன்பு எழுதிய நினைவு. பிளவு என்றால் சண்டை போல ஒலிக்கிறது, ‘உரிமை இடைவெளி’ போதுமா என்று கணக்குத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்