புதுப்பிப்பு: அக்வாபோரின்-4 பரிசோதனைக்கு ரத்தம் எப்போது எடுப்பது?

மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போலவே தோன்றும் என்எம்ஓ (நியூரோமைலிடிஸ் ஆப்டிகா: பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குவது) நோயைப் பிரித்தறிய, உடலே தன் அக்வாபோரின்-4 புரதத்துக்கு எதிராக உருவாக்கும் ஆன்டிபாடியைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். தென்காசி, சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த கேள்விகளெல்லாம் ஒன்றுதான்: ரத்தம் எப்போது எடுப்பது?

பிளாஸ்மா மாற்றத்துக்கு (ரத்தத்தின் நீர்ப்பகுதியை அகற்றி மாற்று நீர் ஏற்றும் சிகிச்சை) முன்பே. அது ஆன்டிபாடியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும். நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம். அதற்காக முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கலாம். வழக்கமாக நரம்பு வழியே தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள்.

'எலிசா' என்ற ஆய்வக முறை வேண்டாம், செல் அடிப்படையிலான முறையை (அக்வாபோரின்-4 உள்ள செல்களில் ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்ப்பது) கேளுங்கள். எலிசாவில் லேசான பாசிட்டிவ் பல நேரம் பொய்யாக இருக்கும். முதுகுத்தண்டு நீரைவிட சீரமே (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) நம்பகமானது. வெளியூர் ஆய்வகத்துக்குப் போவதென்றால், இங்கேயே சீரம் பிரித்து ஐஸ் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். நம்மூர் வெயிலில் முழு ரத்தம் சிதைந்துவிடும். இதேபோலத் தோன்றும் இன்னொரு நோயைக் காட்டும் எம்ஓஜி ஆன்டிபாடியும் கூடவே பாருங்கள். அது நாளடைவில் மறையக்கூடியது, தாக்குதலின்போதே பிடிக்க வேண்டும்.

இத்தனை பாடும் எதற்கு? இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் மூன்றும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு மருந்து. என்எம்ஓவில் கொடுத்தால் நோய் முற்றலாம்.