அரிசி டின்னுக்குள்ள ரெண்டு மாச சுகர் மாத்திரை. என்ன செய்யலாம்?

கேட்டவர்: கிராம சுகாதார செவிலியர், விழுப்புரம் மாவட்டம்

வணக்கம். துணை சுகாதார நிலையத்துல சேர்ந்து ஒண்ணரை வருஷம் ஆகுது. என் லிஸ்ட்ல ஒரு அம்மா, 52 வயசு. மக்களைத் தேடி மருத்துவத்துல மாசாமாசம் வீட்டுக்கே மெட்ஃபார்மின் 500 போகுது, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. ஆனா சுகர் 280-ஐ விட்டு இறங்கல.

போன வாரம் நானே போய் உக்காந்தேன். மோர் கொடுத்தாங்க. பேச்சு மருமக, பேரன்னு சுத்தி வந்துச்சு. அப்புறம் அவங்களே எழுந்துபோய் அரிசி டின்னுக்குள்ள கைய விட்டு அட்டைங்கள எடுத்துப் போட்டாங்க. ஒண்ணுகூட உடைக்கல.

"இத போட்டா வயித்தால போவுது நர்சம்மா. நூறு நாள் ஏரி வேலைல ஒதுங்க ஒரு பொதரு இல்ல, முள்ளெல்லாம் வெட்டியாச்சு. ஆம்பளைங்க மண்ணு வெட்டிக்கினு நிக்கிறாங்க. நான் எங்க போய் குந்துவேன்?"

ஆறரைக்கு வெறும் வயித்தோட கிளம்புறாங்க. கஞ்சி பதினோரு மணிக்குத்தான். ஒதுங்கணுமேன்னு தண்ணியும் குடிக்கிறதில்ல.

ரெஜிஸ்டர்ல 'மருந்து எடுக்க மறுப்பு'ன்னு ஒரு கட்டம்தான் இருக்கு. அதுல டிக் போட மனசு வரல. ரிவ்யூ மீட்டிங்ல நான் சரியா கவுன்சிலிங் பண்ணலன்னு திட்டு வேற. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?

ஓய்வு பெற்ற பகுதி சுகாதார செவிலியர்

ஒண்ணும் சொல்லாத கண்ணு, மொதல்ல கேளு. எத்தன மணிக்கு எழுந்திரிக்கிறாங்க, எப்ப சாப்புடுறாங்க, வீட்டுல கக்கூஸ் இருக்கா, அதுல தண்ணி வருதா. 1996க்கு முன்னாடி குடும்பக் கட்டுப்பாடு டார்கெட் இருந்த காலத்துல 'மறுப்பு', 'மறுப்பு'ன்னு எழுதியே நோட்ட ரொப்புனவ நான். பின்னாடி பேசிப் பாத்தா ஒருத்திகூட சும்மா மறுக்கல. ஒருத்திக்கு மாட்டப் பாத்துக்க ஆள் இல்ல, அவ்ளோதான்.

டின்ன அவங்களே தொறந்து காட்டியிருக்காங்க. தப்பித்தவறி திட்டிடாத, அடுத்த தடவ வேற எடத்துல ஒளிச்சு வெப்பாங்க.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்

மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். வெறும் வயிற்றில் இன்னும் மோசம். சாப்பாட்டோடு, குறைந்த அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். மாத்திரை பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

நீங்களாக எதையும் மாற்றாதீர்கள் சிஸ்டர். ஆனால் அவர் மாத்திரை போடவே இல்லை, காரணம் இது என்று உங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது தெரியாமல் 280-ஐ மட்டும் பார்த்தால் க்ளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையையும் சேர்த்து எழுதிவிடுவோம். நானே எழுதியிருக்கிறேன். சாப்பிடாமல் மண் சுமக்கிறவருக்கு அது சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, ஏரியிலேயே விழுந்துவிடுவார்.

பணித்தளப் பொறுப்பாளரா இருந்தவன்

அந்தம்மா சொல்றது நெசம். 2023-லேர்ந்து வருகைப்பதிவு ஆப்ல ஒரு நாளைக்கு ரெண்டு போட்டோ. நடுவுல வீட்டுக்குப் போய் வரலாம்னா ரெண்டாவது போட்டோவ விட்டுருவோமோன்னு பயம், கூலி போயிடும்ல. நூறு நாள் வேலையோட 2005 சட்டத்துல குடிதண்ணி, நிழலு, முதலுதவிப் பெட்டின்னு எழுதியிருந்தாங்க. கழிப்பறைன்னு எழுதல. எங்க தளத்துல பொம்பளைங்களே நாலு கழி நட்டு பழைய பேனரச் சுத்திக் கட்டுனாங்க. காத்தடிச்சா பறக்கும், ஆனாலும் ஆச்சு. அக்டோபர் 2 கிராம சபைல இத எழுதிக் கொடுங்க. நீங்க ஒருத்தரா இல்லாம, நாலு பொம்பளைங்க கையெழுத்தோட.

கேட்டவர் (ஐந்து வாரம் கழிச்சு)

டாக்டர் காலை மாத்திரைய நிறுத்திட்டு, ராத்திரி சோத்துக்கு அப்புறம் எஸ்.ஆர். ஒண்ணு மட்டும் எழுதினாரு. மொத மூணு நாள் வயிறு லேசா கலங்குச்சாம், வீட்டுலதான இருக்கேன்னு சமாளிச்சிட்டாங்க. இப்ப போட்டுக்கிறாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழும் குடிக்கிறாங்க. நேத்து வெறும் வயித்துல 194. டாக்டர் இன்னும் ஏத்தணும்னு சொல்லியிருக்காரு.

பேனர் கட்டலாம்னு சொன்னதுக்கு ரொம்ப நேரம் சிரிச்சாங்க. யார் மூஞ்சி போட்ட பேனருன்னு கேட்டாங்க.

கிராம சபைக்கு இதுவரைக்கும் பதினொரு கையெழுத்து. அதுல மூணு பேரு வீட்டுலயும் அட்டை உடைக்காம இருக்கு. அந்தக் கட்டத்துல இன்னும் டிக் போடல, பக்கத்துல பேனாவால காரணத்த எழுதி வெச்சிருக்கேன்.